புதுப்பித்த கருவியா, பழுது பார்த்த கருவியா?

ஒரு கடையில் ஒரே நிறுவனம் செய்த, ஒரே மாதிரியான மூன்று கைப்பேசிகள் உங்கள் முன் வைக்கப்படுகின்றன என்று கொள்வோம். முதலாவது புத்தம் புதியது. விலை மிக அதிகம். இரண்டாவதன் பெட்டியில் 'ரீஃபர்பிஷ்டு' என்று அச்சிட்டிருக்கிறது. ஒருவர் வாங்கித் திருப்பியதை, செய்த நிறுவனமே எடுத்துப் புதுப்பித்து மீண்டும் விற்கிறது என்பது அதன் பொருள். மூன்றாவதைக் கடைத்தெருவிலுள்ள ஒரு தொழிலாளி பழுது பார்த்து வைத்திருக்கிறார். விலை எல்லாவற்றிலும் குறைவு. புதியதை வாங்கக் கையில் பணம் இல்லை. மற்ற இரண்டில் எதை நம்பலாம்?

'நிறுவனமே புதுப்பித்ததுதான் நல்லது; இதில் கேள்வி என்ன?' என்று பலர் சொல்லக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு அவ்வளவு எளிய விடையைத் தரவில்லை. மின்னணுக் கருவிகள் தோன்றுவதற்கு முன்பே, இரும்பையும் நீராவியையும் கொண்டு வேலை செய்தவர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்தார்கள். நம் காவிரிக் கழிமுகக் கரையிலேயே அதற்குச் சான்று இருப்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

பணிமனையும் ஷெட்டும்

காரைக்கால் அன்று பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். நடுவே பிரெஞ்சுக் கொடி பறந்த சிறு நிலப்பகுதி. 1898-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 23 கிலோமீட்டர்தான். மீட்டர் அகலப் பாதை. பாதை பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம். ஆனால் அதில் வண்டி ஓட்டும் பொறுப்பு ஆங்கிலேயரின் தென்னிந்திய இரயில்வேயிடம் இருந்தது. அந்த இரயில்வேயின் பெரிய பணிமனை, காரைக்காலுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல்தான் அது திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டது. (அந்த மாற்றத்தை ஒட்டிய ஆட்குறைப்பை எதிர்த்து அதே ஆண்டில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தையும், அதில் சிங்காரவேலர் ஆற்றிய பங்கையும் வரலாறு படித்தோர் அறிவர்.)

நீராவி எஞ்சினைச் சீர் செய்வதில் இரு வகை உண்டு. ஓட்டத்தின் நடுவே ஒரு குழாய் ஒழுகினாலோ, ஒரு தாங்கி சூடேறினாலோ, அருகிலுள்ள ஷெட்டில் நிறுத்தி அந்த ஒரு குறையை மட்டும் நீக்கி அனுப்பிவிடுவார்கள். இது பழுது பார்த்தல். குறிப்பிட்ட தொலைவு ஓடி முடித்த எஞ்சினோ, பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணிமனைக்கு வரவேண்டும். அங்கே கொதிகலன் சட்டத்திலிருந்து தூக்கப்படும். தேய்ந்த சக்கரங்கள் கடைசல் பொறியில் கடையப்படும். தாங்கிகளில் புதிய வெள்ளை உலோகம் வார்க்கப்படும். கொதிகலனில் நீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். கடைசியில் வெள்ளோட்டம். இதற்கு 'ஓவர்ஹால்' என்று பெயர். நம் மெக்கானிக்குகள் இன்றும் 'ஓவராயில்' என்கிறார்களே, அதுதான்.

ஓர் எஞ்சினின் கொதிகலன் சீராகும்வரை காத்திராமல், முன்பே சீராக்கி வைத்த வேறொன்றைப் பொருத்தி அனுப்புவதும் பணிமனைகளில் வழக்கம். ஆகவே பல ஆண்டு உழைத்த எஞ்சினில், எண் பலகை ஒன்றைத் தவிரப் பழைய உறுப்புகள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். ஆயினும் யாரும் அதை நம்ப மறுக்கவில்லை.

ஏன்? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பணிமனை அந்த எஞ்சினைப் பிறருக்கு விற்கவில்லை. அதே இரயில்வேதான் அதை மீண்டும் ஓட்டப் போகிறது. அரைகுறை வேலை செய்தால் நடுவழியில் வண்டி நிற்கும், நட்டம் தனக்கே. சீராக்குபவரும், சீராக்கியது கெட்டால் துன்பப்படுபவரும் ஒருவரே.

வாடகைத் தொலைபேசி

இதே ஏற்பாட்டை மின் கருவிகளில் மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு. வீட்டிலிருந்த தொலைபேசி சந்தாதாரருடையதன்று, நிறுவனத்தின் உடைமை. மாத வாடகைக்கு மட்டுமே அவர் அதை வைத்திருந்தார். வீடு மாறும்போது திரும்பி வந்த கருவிகள், பெல் அமைப்பின் உற்பத்திப் பிரிவான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் சீரமைப்புக் கூடங்களுக்குச் சென்றன. உறை மெருகேற்றப்பட்டது அல்லது மாற்றப்பட்டது. எண்வட்டின் வேகம் சரி செய்யப்பட்டது. தேய்ந்த கம்பிவடங்கள் நீக்கப்பட்டன. சீராக்கிய தேதி முத்திரையிடப்பட்டது. பிறகு வேறொரு வீட்டுக்கு அது போயிற்று. தம் மேசையில் இருப்பது புதியதா, புதுப்பித்ததா என்று சந்தாதாரருக்குப் பொதுவாகத் தெரிந்திராது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. கெட்டால் நிறுவனத்தின் ஆள்தான் செலவில்லாமல் வந்து பார்க்கவேண்டும். எனவே அடிக்கடி கெடாத கருவியைச் செய்வதும், கெடாதபடி புதுப்பிப்பதும் நிறுவனத்துக்கே இலாபம்.

நம் நாட்டிலும் பல்லாண்டுகள் தொலைபேசிக் கருவி தபால் தந்தித் துறையின் சொத்தாகவே இருந்தது. பெங்களூரில் 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிஃபோன் இண்டஸ்ட்ரீஸ் செய்த கறுப்பு நிறக் கருவிகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1984-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல் அமைப்பு சட்டப்படி உடைக்கப்பட்டது. அதற்குள்ளாகவே தொலைபேசி, விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டிருந்தது. விற்ற மறுநாளே கருவியின் கவலை வாங்கியவரைச் சேர்ந்தது. 'புதுப்பித்தது' என்ற சொல் அதே சொல்தான். ஆனால் அதைத் தாங்கி நின்ற ஏற்பாடு போய்விட்டது.

தெருக்கடையின் பொற்காலம்

பழுது பார்ப்பவருக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. வால்வு வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதன் பின்பலகையைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வால்வுகள் குழியில் செருகப்பட்டிருக்கும். கையால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். ஒளிராத வால்வு, கருகிய மின்தடை, உப்பிய மின்தேக்கி ஆகியவை பார்வையிலேயே பிடிபடும். மின்சுற்றுப் படமும் கிடைக்கும். ஆகவே கைதேர்ந்த ஒருவர் சிறு ஊரில் இருந்துகொண்டே, தொழிற்சாலை செய்யக்கூடியது ஏறக்குறைய முழுவதையும் செய்ய முடிந்தது. அக்காலத்தில் 'புதுப்பித்ததா, பழுது பார்த்ததா' என்று யாராவது கேட்டிருந்தால், 'யார் பார்த்தது?' என்பதே தக்க மறுமொழியாக இருந்திருக்கும்.

டிரான்சிஸ்டர் வந்தபோது உறுப்புகள் பலகையில் ஈயப் பற்று வைத்து இறுக்கப்பட்டன. பிறகு ஒருங்கிணைந்த சில்லுகள் வந்தன. இன்றைய கைப்பேசியில் பெரிய சில்லுகளின் கால்கள் பக்கவாட்டில் இல்லை; அடியில், கடுகிலும் சிறிய ஈயக்குண்டுகளாக மறைந்திருக்கின்றன. ஒன்றில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தால்தான் தெரியும். தவிர, 2006 சூலை முதல் ஐரோப்பாவில் மின்னணுக் கருவிகளில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாக் கலவைக்கு ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். சூடான காற்றை ஊதி ஒரு சில்லைக் கழற்றும்போது, அருகிலுள்ள நல்ல உறுப்புகளும் அந்த வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும். கடைக்காரரின் கைத்திறன் குறைந்துவிடவில்லை, வேலை கடினமாகிவிட்டது. நிறுவனங்கள் மின்சுற்றுப் படத்தையும் உதிரி உறுப்புகளையும் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது அதை மேலும் கடினமாக்கியது. இது இயற்கையான தடையன்று, செயற்கையான தடை என்பதை நீங்கள் நினைவில் வைக்கவேண்டும்.

திறப்பதே தீங்காகலாம்

அப்படியானால் முழுமையாகப் பிரித்துச் சீராக்குவதே மேலானது என்று முடிவு செய்துவிடலாமா? இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கரையோரப் பிரிவில் ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய விமானங்கள், ஒவ்வொரு 50 மணிநேரப் பறத்தலுக்கும் ஒருமுறை முழுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. உயிரியல் அறிஞர் வாடிங்டன் அங்கே ஆய்வுக் குழுவில் பணியாற்றினார். அவரது குழு பழுதுப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தது. சோதனை முடிந்தவுடன் பழுதுகள் குறையவேண்டும். நாளாக ஆக ஏறவேண்டும். நடந்ததோ நேர்மாறு. சோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் மிகுந்திருந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்தன! நன்றாக ஓடிய ஒன்றைப் பிரித்து மாட்டுவதாலேயே புதுக் குறைகள் நுழைந்தன. சோதனை முறையை மாற்றியபின் விமானங்கள் பறந்த நேரம் கணிசமாகக் கூடிற்று.

1978-இல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். விமான உறுப்பு வகைகளில் 100-க்கு 11 மட்டுமே வயதாக வயதாகத் தேய்ந்து கெடுபவை என்று அதில் கண்டிருக்கிறது. 100-க்கு 68 வகைகளில், பொருத்திய தொடக்க நாட்களில்தான் பழுது மிகுதி. அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் நெடுநாள் ஒரே சீராக உழைக்கின்றன. பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் கவனம் மிகுதியாக வேண்டியிருப்பதைப் போன்றது இது. பொறியியலார் இதனை 'இளமைச் சாவு' என்றே அழைக்கிறார்கள்.

இதிலிருந்து நம் கேள்விக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சில மாதம் ஓடித் தேறிய பலகை, புதிய பலகையைவிட நம்பத்தக்கதாகவும் இருக்கலாம். மறுபுறம், எந்தக் கை திறந்தாலும், அது தொழிற்சாலையின் கையே ஆனாலும், திறந்து மூடியபின் கருவி மீண்டும் ஒரு தொடக்க நாளைச் சந்திக்கிறது. நல்ல சீரமைப்புக் கூடங்கள் கருவியைப் பல மணிநேரம் சூட்டில் ஓடவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். மாலையில் மூடிக் கையில் கொடுக்கும் தெருக்கடையில் அந்தச் சோதனையை நடத்துபவர் வாங்கியவரே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நிறுவனங்கள் 'புதுப்பித்தது' என்று விற்பவற்றுள் பல, உண்மையில் பழுதானவையே அல்ல. நிறம் பிடிக்கவில்லை, இயக்கத் தெரியவில்லை என்று சில நாட்களில் திருப்பப்பட்டவை. துடைத்து, சோதித்து, புதுப் பெட்டியில் இட்டுவிடுகிறார்கள். இத்தகையவை நன்றாக உழைப்பதில் வியப்பில்லை; அதற்கான புகழ் முழுவதையும் 'புதுப்பித்தல்' என்னும் சொல்லுக்குக் கொடுப்பது பொருந்தாது.

வெப்பமும் உப்புக் காற்றும்

தேய்ந்து கெடும் அந்தச் சில உறுப்புகள் எவை? மின்னணுக் கருவியில் முதலாவது மின்கலம். லித்தியம்-அயனி மின்கலம் சில நூறு முறை மின்னேற்றிய பிறகு கொள்ளளவில் குறையத் தொடங்கும். இரண்டாவது, தொலைக்காட்சிப் பெட்டி, கணினி ஆகியவற்றின் மின்வழங்கியிலுள்ள மின்பகுளி மின்தேக்கி. கடைக்காரர் 'கண்டென்சர்' என்று சொல்லும் சிறு உருளை. அதனுள்ளிருக்கும் நீர்மம் மெல்ல உலர்ந்துகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியியலாரின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி உழைக்கும் என்று குறித்த ஒன்று, 85 டிகிரியில் 8,000 மணியும், 65 டிகிரியில் 32,000 மணியும் உழைக்கும். அதாவது இடைவிடாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல்.

ஒரு மின்வழங்கியில் ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே வெப்பத்தில் வெந்த ஆறு மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒன்று வெடித்தது. கடைக்காரர் அந்த ஒன்றை மாற்றுகிறார், பெட்டி ஓடுகிறது, அவர் வாங்கிய கூலியும் நியாயமானதே. ஆனால் மற்ற ஐந்துக்கும் வயது அதேதான். ஆறு மாதத்தில் இன்னொன்று போகும்போது 'கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்கிறோம். ஆறையும் மாற்றச் சொல்லி, அதற்குரிய சிறு தொகையைக் கொடுத்தால், தெருக்கடையிலேயே ஓர் 'ஓவராயில்' நடந்துவிடும்!

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் வெப்பத்தோடு உப்பும் சேர்கிறது. காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தோடு கூடினால் செப்புத் தடங்களை அரிக்கும். கைப்பேசியின் ஓரங்களில் நீர் புகாதபடி ஒரு பசைப் பட்டை வைத்திருக்கிறார்கள். திரையை மாற்றத் திறந்தவுடன் அது கிழியும். புதுப்பட்டை வைத்து அழுத்தி மூடாவிட்டால், கருவி நன்றாக ஓடுவதுபோல் ஓடி, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உள்ளே அரிப்புத் தொடங்கும். நிறுவனத்தின் கூடத்தில் பட்டை மாற்றுவதும் கசிவு பார்ப்பதும் வேலையின் ஒரு படி. கடைகளில் அது நடப்பதும் உண்டு, நடவாததும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

தீப்பிடித்த கைப்பேசி

நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்றுகள் உண்டு. 2005 இறுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகள் பெருந்தொகையில் செயலிழந்தன. முகப்பில் சிவப்பு வளையம் எரியும். 2007-இல் அந்நிறுவனம் இப்பழுதுக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டியது. அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பலருக்குப் புதுப்பித்த பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள்ளும் பல மீண்டும் அதே சிவப்பு வளையத்தைக் காட்டின. பெட்டி சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் சில்லினுள்ளே இருந்த இணைப்புகள் சிறுகச் சிறுக விரிசல் விட்டன என்பதே காரணம். அந்த அமைப்பு மாறாதவரை, தொழிற்சாலையே எத்தனை முறை சீராக்கினாலும் பயன் நிலைக்காது. (பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றினால் சரியாகும் என்று ஒரு கைவைத்தியமும் பரவிற்று. சில நாள் ஓடும், அவ்வளவே.)

சாம்சங் நிறுவனத்தின் நோட் 7 கைப்பேசியின் கதை இன்னும் தெளிவானது. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அது, சில இடங்களில் தீப்பிடித்தது. குறை ஒரு மின்கல உற்பத்தியாளரிடம்தான் என்று கருதி, செப்டம்பரில் திரும்பப் பெற்று, வேறு உற்பத்தியாளரின் மின்கலம் கொண்ட கருவிகளை மாற்றாகக் கொடுத்தார்கள். மாற்றுக் கருவிகளும் தீப்பிடித்தன! அக்டோபரில் உற்பத்தியே நின்றது. அதன் பிறகுதான் 2 இலட்சம் கைப்பேசிகளையும் 30,000 மின்கலங்களையும் மின்னேற்றியும் இறக்கியும் ஆராய்ந்தார்கள். 2017 சனவரியில் முடிவு வெளியாயிற்று. முதல் மின்கலத்தில் உறையின் மூலையில் இடமின்றி மின்வாய் மடங்கியிருந்தது. இரண்டாவதிலோ பற்றவைப்பில் எழுந்த கூர்முனைகள் தடுப்பேட்டைத் துளைத்தன. இரு வேறு நோய்கள்! காரணம் தெரிந்தபின், 3,500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்துக்குப் பதில் 3,200 கொள்ளளவுள்ள ஒன்றைப் பொருத்தி, 2017 சூலையில் தென் கொரியாவில் அதே கைப்பேசியை 'நோட் எஃப்.இ.' என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றார்கள். அது அமைதியாக உழைத்தது.

ஒரே நிறுவனம், ஒரே கருவி. காரணம் அறியாமல் மாற்றிக் கொடுத்தது எரிந்தது; காரணம் அறிந்து சீராக்கியது நின்றது. ஆகவே நிறுவனத்திடமோ கடைக்காரரிடமோ நீங்கள் முதலில் கேட்கவேண்டியது, 'எது கெட்டிருந்தது?' என்பதே. 'சும்மா சர்வீஸ் செய்தோம்' என்பது விடையாகாது.

சொல்லும் சட்டமும்

1962 ஆகஸ்டில் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எனினும் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. பிரான்சில் உறவினர் உள்ள வீடுகள் இன்றும் பல. அங்கிருந்து வரும் கைப்பேசிப் பெட்டிகள் சிலவற்றில் 'ரகோந்திசியோனே' என்ற சொல்லைக் காணலாம். புதுப்பித்தது என்று பொருள். இச்சொல்லை யார் பயன்படுத்தலாம் என்று 2022 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கருவியின் எல்லாச் செயல்களும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தேவையானால் பழுது நீக்கப்பட்டிருக்க வேண்டும். முந்தையவரின் தகவல்கள் அழிக்கப்பட்டிருக்க வேண்டும். 'புதியது போன்றது' என்று விளம்பரம் செய்யக்கூடாது. இதைச் செய்பவர் மூல நிறுவனமாக இருக்கவேண்டும் என்று அந்த ஆணை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 2022-இல் வெளியாகி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், புதுப்பிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. பயன்படுத்திய கருவியின் ஆயுளை நீட்டப் பழுது பார்த்தோ கூட்டியோ விற்பவர் என்பதே அங்கே புதுப்பிப்பவருக்கான விளக்கம். ஆக, நாம் தொடங்கிய இரு சொற்களும் நம் விதிகளில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தான் புதுப்பித்த ஐபோன்களை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்க அனுமதி கோரியபோது அரசு மறுத்துவிட்டது. பழைய கருவிகள் இங்கே வந்து குவிந்து கழிவாகும் என்ற அச்சம் அந்த விவாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

பிரான்சில் விற்ற புதுப்பித்த கருவிக்கு விற்றவரே சட்டப்படி இரண்டாண்டு பொறுப்பு. கெட்டால் நட்டம் அவருக்கு. ஆகவே கவனமாகச் சோதித்திருப்பார் என்று நம்பக் காரணம் உண்டு. அதே கருவி, விடுமுறைக்கு வரும் மாமாவின் பெட்டியில் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தவுடன், அந்தப் பொறுப்பாளி கடல் கடந்த தொலைவில் நின்றுவிடுகிறார். அதன்பின் அது கெட்டால் கொண்டுபோக வேண்டிய இடம் கடைத்தெருவிலுள்ள தொழிலாளியின் மேசைதான். அவர் மாற்றிய உறுப்பு எது, எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாரானால், அந்தச் சீட்டு பெட்டியின்மேல் உள்ள பிரெஞ்சுச் சொல்லைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.